முகம் வரையாத தவமணி ரீச்சர்

தவமணி ரீச்சர் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியர் சிவபாதம் மாஸ்ரர். நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலில் சனிக்கிழமை வகுப்பை முடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்தவர் இறங்கவில்லை. ஒரு காலை மதகுக் கட்டில் ஊன்றியபடி நின்றார்.

“தங்கச்சி, உங்கடை தவமணி ரீச்சர் போட்டா” என்றார். “காலமை மூச்சுத் தொய்வு இழுக்கத் தொடங்கினதாம். நிக்கேல்லை. ஆஸ்பத்திரிக்கு ஏத்துறதுக்கிடையிலை முடிஞ்சுது. மருந்து இருந்திருந்தால்... சரி, இனிக் கதைச்சு என்ன?”

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது, அவர் சொன்ன “உங்கடை” என்ற சொல்லால் எழுந்த கூச்சம். மூன்றரை வருடம் ஒரே சித்திர அறையில் இரண்டு மேசைகளில் நாங்கள் இருவரும் இருந்தோம். அதனால் எங்களைச் சிநேகிதிகள் என்றே பாடசாலையில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

செத்தவீடு முடிந்து சில நாட்களில் ரீச்சரின் அண்ணன் எங்கள் வீட்டுப் படலையடிக்கு வந்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கப்போவதாகவும், பொருளாதாரத் தடையால் வெள்ளைத்தாள் இல்லாததால் கோடு போட்ட கொப்பித்தாளில்தான் அச்சடிக்க வேண்டியிருப்பதாகவும் சொன்னார். “நீங்கள் படிச்ச பிள்ளை. மற்றவை எல்லாரும் பண்பானவ, பாசமானவ எண்டு எழுதுவினம். அதைத்தான் எல்லாச் செத்தவீட்டுக்கும் எழுதுறவை. நீங்கள் அவவோடை ஒண்டா வேலை செய்தனீங்கள். அவ என்ன செய்தவ எண்டதை எழுதுங்கோ.”

அவர் என்ன செய்தார் என்பதை எழுதுகிறேன். அதை எழுத வேண்டுமானால் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். ரீச்சரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இணுவிலில் புகையிலையும் வெங்காயமும் பயிரிடும் வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள். நான் நியமனம் பெற்று அந்தப் பாடசாலைக்குப் போனபோது, தவமணி ரீச்சர் அங்கு ஏற்கெனவே சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் கரையோர ஊர்கள் காலியானபோது குடும்பத்தோடு ஓடிவந்தவர். ஒரு கோயிலின் கல்யாண மண்டபத்தில், சேலைகளால் மறைத்த ஒரு மூலையில் அவர்களுடைய சீவியம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றிருந்தார், பட்டம் இல்லை. ஆகவே நான் போன முதற் கிழமையிலேயே அதிபர் உயர்தர வகுப்பை அவரிடமிருந்து எடுத்து என்னிடம் தந்தார்.

அன்று பின்னேரம் ரீச்சர் அலுமாரித் திறப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “இந்தப் பூட்டுக்கு ஒரு குணம் இருக்கு, தங்கச்சி. இடப்பக்கம் ஒருக்காத் திருப்பிப் போட்டுத்தான் வலப்பக்கம் திருப்ப வேணும். நீங்கள் கோவிச்சால் அதுவும் கோவிக்கும்” என்றார். வகுப்புப் பறிபோனதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அவருக்கு மனவருத்தம் இல்லை என்று நான் முடிவுசெய்துகொண்டேன். அப்படி முடிவுசெய்வது எனக்கு வசதியாக இருந்தது.

பல்கலைக்கழகத்தில் என் இறுதியாண்டு ஆய்வு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்து ஐரோப்பிய ஓவியத்தில் மனித உருவம் வடிவகணித உருவங்களாக மாறியது பற்றியது. உடலை உருளையாகவும் கூம்பாகவும் பிரித்தது, ஒரே முகத்தின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் ஒரே தளத்தில் வைத்தது, அருங்காட்சியகங்களில் கண்ட ஆபிரிக்க முகமூடிகளிலிருந்து மூக்கையும் புருவத்தையும் ஒரே கோடாக இழுக்கக் கற்றுக்கொண்டது - எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஓவியங்களில் ஒன்றைக்கூட நான் நிறத்தில் பார்த்ததில்லை. ரோனியோவில் அடித்த பிரதிகளில் அவை மைக் கறைகளாகவே இருந்தன. குறிப்பில் ‘மண்ணிறமும் சாம்பலும்’ என்று எழுதியிருந்தது. நானும் பிள்ளைகளுக்கு மண்ணிறமும் சாம்பலும் என்றே சொன்னேன்.

அந்தப் பாடத்தை நான் எடுத்த நாளில் ரீச்சர் வந்து கடைசி வாங்கில் இருந்தார். “நானும் கேப்பம், ரீச்சர்” என்றார். மற்றவர்களுக்கு முன்னால் என்னை ரீச்சர் என்றும் தனியே தங்கச்சி என்றும் கூப்பிடுவார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின் கேட்டார்: “அவையள் ஏன் முகத்தை உப்பிடிப் பிரிச்சவை?”

நான் குறிப்பில் இருந்ததைச் சொன்னேன். பார்க்கும் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை, பொருளைப் பலபக்கமிருந்தும் அறிகிறது, ஆகவே ஓவியன் தோற்றத்தை விட்டுக் கட்டமைப்பைத் தேடுகிறான் என்றேன்.

“ஓ” என்றார் அவர். “நான் நினைச்சன், கிட்ட நிண்டு பாத்துப் பாத்துக் களைச்சுப் போனவையாக்கும் எண்டு.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வாங்கில் விரலால் ஏதோ கோடு இழுத்தபடி சொன்னார். “எங்கடை கரையிலை வள்ளம் திரும்புற நேரம் பொம்பிளையள் எல்லாரும் நிப்பம். வெய்யில் கண்ணுக்கை குத்தும். வள்ளத்திலை நிக்கிறவனுக்கு முகமே இராது. கறுப்பா ஒரு துண்டு, அவ்வளவுதான். ஆனா ஒருத்திக்கும் ஆள் மாறுறேல்லை. ஒருத்தன்ரை தோள் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும். ஒருத்தன் சவள் துடுப்பைக் குத்தினா முழங்கை முக்கோணமா நிக்கும். ‘அந்தா, என்ரை வந்திட்டுது’ எண்டு சொல்லேக்கை வள்ளம் அரைக் கட்டை தூரத்திலை நிக்கும். முகம் கடைசியா வாறது, தங்கச்சி. ஆள் முதலே வந்திடும்.”

அழகான கரையோரக் கதை என்று நினைத்தேன். என் ஆய்வின் கேள்விக்கு ஒருவர் என் முன்னால் இருந்து மறுமொழி சொல்லிவிட்டார் என்பது எனக்கு உறைக்கவில்லை. மறுமொழி புத்தகத்திலிருந்துதான் வரும் என்று நம்பியிருந்தேன்.

அவர் தனக்கென்று வரைந்த படங்களும் அப்படித்தான் இருந்தன. பழைய பத்திரிகைத் தாள்களில், நிவாரண வரிசையில் நிற்கும் பெண்கள், குடத்தோடு நடப்பவர்கள், சைக்கிளில் விறகு கட்டிப் போகிறவர்கள். எல்லோரும் ஆப்புகளும் சாய்வான பெட்டிகளும் நீள்வட்டங்களும்தான். கண், மூக்கு, வாய் ஒருவருக்கும் இல்லை. பிள்ளைகள் அவற்றை ‘ரீச்சரின்ரை பெட்டி மனுசர்’ என்றார்கள். அவரும் அப்படியே சொல்லத் தொடங்கினார். நான் அவற்றைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர் அந்தப் படங்களை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சற்றுநேரம் நிற்பார். பிறகு எடுத்துக்கொண்டு போவார். எதற்காக நின்றார் என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் இருந்த மண்டபத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் சைக்கிளில் பத்து நிமிடம். மூன்றரை வருடத்தில் ஒருநாளும் அவரை நான் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை என் அம்மா, “அவ எந்த ஊர், என்ன ஆக்கள்?” என்று கேட்டார். சொன்னேன். அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே போயிற்று.

இனி நாகம்மா அம்மாவின் விடயம்.

நாகம்மா அம்மா ரீச்சரின் ஊரவர். மண்டபத்தில் அடுத்த மறைப்பில் இருந்தவர். அவருடைய ஒரே மகன் ராசன் வடமராட்சிப் பக்கம் யாரோ ஒருவரின் வள்ளத்தில் கடலுக்குப் போனான். வரவில்லை. அந்த நாட்களில் ஏன் வரவில்லை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவனுடைய ஒரே படம், இனிப் போக முடியாத அவர்களுடைய வீட்டுச் சுவரில் தொங்கியது. அடையாள அட்டை அவனுடைய சேட்டுப் பையோடு போய்விட்டது. ஒரு வருடம் முடிந்து ஆட்டத் திவசம் நெருங்கியபோது நாகம்மா அம்மா சித்திர அறைக்கு வந்தார்.

“படம் ஒண்டு வேணும், தவமணி. மாலை போட எனக்கு ஒரு இடம் வேணும்” என்றார்.

“முகம் எனக்கு வராதே, அக்கா.”

“முகத்தை ஆர் கேட்டது? அவனைக் கீறித் தா.”

நாலு நாள் பின்னேரங்களில் அந்த வேலை நடந்தது. நான் பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். மூக்கு எப்படி, நிறம் எப்படி என்று ரீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. “கிணத்தடியிலை குனிஞ்சு நிமிர்ந்தா எந்தக் கை முதல் இடுப்புக்குப் போகும்?” என்று கேட்டார். “வலையைத் தோளிலை போட்டா தலையை எந்தப் பக்கம் விலத்துவான்?” என்று கேட்டார். நாகம்மா அம்மா சொல்லவில்லை, எழுந்து நின்று காட்டினார். ஐம்பது வயது கடந்த பெண், இடது தோளைத் தாழ்த்தி, ஒரு காலை முன்னே வைத்து, மகனாக நின்றார்.

“ஒருநாளும் நேரா நிண்டதில்லை, பிசாசு. தேப்பன் ஏசும், ‘என்னடா, பாய்மரம் முறிஞ்ச மாதிரி நிக்கிறாய்’ எண்டு. அதுக்கும் இப்பிடியே நிண்டு சிரிப்பான்” என்று அவரும் சிரித்தார்.

எனக்கு அதைப் பார்க்க அந்தரமாக இருந்தது. தாள்களுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். நாலாம் நாள் அவர் கதிரையில் இருந்து, “இனிக் கேளாதை, தவமணி. எல்லாத்தையும் சொல்லிப் போட்டன். உள்ளுக்கை இனி ஒண்டும் இல்லை” என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

பாடசாலை கழித்துவிட்ட உலகப் படம் ஒன்றின் பின்பக்கத் துணியில் ரீச்சர் அதை வரைந்தார். சலவை நீலம், செங்கல் தூள், விளக்குப் புகை, விளாம்பிசின். வேறு நிறம் அப்போது யாழ்ப்பாணத்தில் எங்கே? உயரமான ஒரு சாய்ந்த நாற்கோணம் உடலாக நின்றது. அதன் இடது முனை கீழே இறங்கியிருந்தது. இரண்டு ஒடுங்கிய முக்கோணங்கள் கால்கள். சவள் பிடித்த கை, முழங்கையில் ஒரு கூர்மையான மடிப்பு. மேலே செங்கல் நிறத்தில் ஒரு நீள்வட்டம், வலையிலிருந்து விலகுவதுபோல் வலப்பக்கம் சரிந்து. அதற்குள் ஒன்றும் இல்லை. பின்னால் நீலம்.

இப்போது இப்படி விவரிக்க முடிகிறது. அன்று எனக்கு அது இன்னுமொரு பெட்டி மனுசன்.

திவசத்துக்கு இரண்டு நாள் முன்னர் ரீச்சருக்குத் தொய்வு கூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகுமுன் ஒரு துண்டு எழுதி அனுப்பியிருந்தார்: ‘தங்கச்சி, நாளைக்கு நாகம்மா அக்கா வருவா. படம் அலுமாரிக்குள் இருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிடுங்கோ. வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை.’

துண்டு கிடைத்த அன்று மதியம் படத்தை எடுத்துச் சுவரோடு சாத்தி வைத்தேன். கரும்பலகையில் வட்டம் கீறுகிற பெரிய கவராயத்தை வாங்க வந்த சிவபாதம் மாஸ்ரர் அதைக் கண்டுவிட்டார்.

“இதென்ன தங்கச்சி, தோட்டத்து வெருளியோ?”

சொன்னேன், யாருடைய படம், யாருக்கு என்று. அவர் முகத்தில் இருந்த பகிடி போய்விட்டது. மாஸ்ரர் கெட்ட மனிதர் அல்லர். உண்மையாகவே மனம் நொந்து சொன்னார். “ஐயோ, பெத்த வயிறெல்லோ. பிள்ளையைக் கடலுக்குக் குடுத்தவவுக்குக் கண் மூக்கு இல்லாத ஒண்டையோ குடுக்கப்போறியள்? தவமணி ரீச்சருக்கு அறிவில்லையோ? நீர் இதிலைதானே பட்டம் எடுத்தனீர். நீரே சொல்லும், இது ஆள் மாதிரிக் கிடக்கோ?”

மூன்று மணித்தியாலப் பரீட்சையில் நான் பதினாறு பக்கம் எழுதிய கேள்வி அது. முழுப் புள்ளி வாங்கிய கேள்வி. அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்:

“இன்னும் முடியேல்லைப் போலை, மாஸ்ரர்.”

அவர் போனபின் அந்த வசனத்தை உண்மையாக்கினேன். கதவைச் சாத்திவிட்டு, விளக்குப் புகையைப் பிசினில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அந்த நீள்வட்டத்துக்குள் இரண்டு கண் வைத்தேன். புருவம், மூக்கு, அரும்பு மீசை, மெல்லச் சிரிக்கிற வாய். எனக்குக் கை நன்றாக ஓடும். உருவப்படத்தில் எப்போதும் கூடிய புள்ளி எனக்குத்தான். ராசனை நான் கண்டதே இல்லை. கலண்டர்களில் வருகிற, எந்த வீட்டுப் பொடியனுக்கும் பொருந்துகிற ஒரு முகத்தை வைத்தேன். தள்ளி நின்று பார்த்தபோது, ஒரு தாய்க்கு உதவி செய்துவிட்டேன் என்று மனம் நிறைந்தது. அந்த நிறைவை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அடுத்த நாள் காலை நாகம்மா அம்மா தலை தோய்ந்து, வெளுத்த சேலை உடுத்து வந்தார். படத்தைச் சுற்றிக்கொண்டுபோக மடித்த வேட்டி ஒன்று கையில். அறை வாசலில் நின்றபடி படத்தைப் பார்த்தார். உள்ளே வந்து பார்த்தார். பிறகு பின்னுக்குப் போய் மறுபடி வாசலில் நின்று பார்த்தார்.

“இது ஆற்றை பிள்ளை?” என்று கேட்டார்.

“உங்கடை மகன்தானே, அம்மா.”

“இல்லைப் பிள்ளை. முந்தநாள் நான் வந்து பாக்கேக்கை இதிலை ராசன் நிண்டவன். வாசல்லை நிண்டு பாத்திட்டு ‘அந்தா’ எண்டு கத்திப் போட்டன். தவமணியைக் கேட்டுப் பாரன்.” அவருடைய விரல் அந்த முகத்தை நோக்கி நீண்டது, தொடவில்லை. “இப்ப ஆரோ வந்து அவன்ரை இடத்திலை நிக்கிறான். ஆர் இந்தப் பொடியன்?”

அவர் ஏற்கெனவே அதைப் பார்த்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. படம் அப்போதே முடிந்துவிட்டது, உரியவர் வந்து ஆளை அடையாளம் கண்டுவிட்டார், கொடுத்துவிடுவது மட்டுமே மிச்சமாக இருந்தது. ‘வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை’ என்று ரீச்சர் ஏன் எழுதினார் என்று அப்போது விளங்கியது.

நாகம்மா அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆர் இதைச் செய்தது?”

“ரீச்சர்தான் அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகமுன்னம் முடிச்சு வைச்சவ” என்றேன்.

அவர் நம்பினார். படித்த பிள்ளை பொய் சொல்லும் என்று அவர் ஏன் நினைக்கப்போகிறார்? வேட்டியை இன்னொரு மடிப்பு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “தவமணிக்கு என்ன வந்தது? அவவுக்கு அவனைத் தெரியுமே” என்று தனக்குத்தானே சொல்லியபடி போனார். படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. திவசத்தன்று மாலையை வெறும் ஆணியில் கொழுவினாராம்.

ஒன்பது நாள் கழித்து ரீச்சர் வந்தார். மெலிந்திருந்தார். அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் என் மேசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். சீவிய பென்சிலையே திரும்பவும் சீவினேன்.

“மூக்கு நல்லாய் வந்திருக்கு, தங்கச்சி” என்றார்.

அந்தக் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“ரீச்சர், நான்... அந்த அம்மா பாவமெண்டு...”

“தெரியும். நல்லது செய்யத்தான் வெளிக்கிட்டனீங்கள்.” ஓர் ஓரத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “புகை துணிக்குள்ளை இறங்கிப் போட்டுது. இனி எடுக்க ஏலாது.”

“திருப்பிக் கீறலாமே, ரீச்சர். நான் உதவி செய்யிறன்.”

“எதை வைச்சுக் கீறுறது? நாகம்மா அக்கா இன்னொருக்கா எழும்பி நிக்க மாட்டா.”

அவர் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. என் வகுப்புகளில் முன்போலவே வந்து கடைசி வாங்கில் இருந்தார். பெட்டி மனுசரை வரைந்தார். ஆனால் என் மேசையில் கொண்டுவந்து வைக்கவில்லை. நான் சொன்ன பொய்யை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன். நாளாக ஆக, அவர்கள் இருவரும் ஒரே மண்டபத்தில் இருப்பவர்கள், பேசித் தீர்த்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். நாகம்மா அம்மா அதன்பிறகு ஒருநாளும் சித்திர அறைக்கு வரவில்லை என்பதைக் கவனித்தேன். எனக்கு எதையும் கவனிக்கத் தெரியும். கவனித்ததைக் கேட்கத்தான் தெரியாது.

செத்தவீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தபோது, நாகம்மா அம்மா மண்டபத்துக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியடியில் தனியே நின்றார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, இந்த மனுசியோடை நான் ஒண்டரை வருசம் கதைக்கேல்லை. இருபது அடிதான் இடையிலை. ஒரே கிணறு. அவ ஆஸ்பத்திரியாலை வந்த அண்டைக்கே போய்க் கேட்டன், ‘ஏன் தவமணி என்ரை பிள்ளையைக் கெடுத்தனீ?’ எண்டு. ‘அந்தப் படிச்ச பிள்ளை சொல்லிச்சுது, நீதான் முடிச்சனியாம்’ எண்டன். என்னை ஒருக்காப் பாத்தா. பிறகு ‘ஓம் அக்கா, பிழை விட்டிட்டன்’ எண்டா. அவ்வளவுதான். ஒரு நியாயம் சொல்லேல்லை. எனக்கு அதிலைதான் ஆத்திரம் கூடினது.”

அப்படியானால் ரீச்சருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. படத்தைக் கெடுத்தது மட்டுமல்ல, பழியை அவர்மேல் போட்டதும். தெரிந்துகொண்டுதான் என் அறைக்கு வந்து, மூக்கு நல்லாய் வந்திருக்கு என்றார். தெரிந்துகொண்டுதான் ஒன்றரை வருடம் கடைசி வாங்கில் இருந்து நான் சொன்ன பாடத்தைக் கேட்டார். நாகம்மா அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிநேகிதம் திரும்பியிருக்கும். அதற்கு என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்திருக்கும். வீட்டில் முதன்முதல் படித்து வந்த ஒரு பெண்ணை மண்டபத்துச் சனங்களின் வாயில் போட அவருக்கு மனம் வரவில்லைப் போலும். இது என் ஊகம். உண்மையைக் கேட்க ஆள் இல்லை.

தொட்டியடியில் என் கை நாகம்மா அம்மாவின் கைக்குள் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெட்டியைத் தூக்கினார்கள். ஒப்பாரி உயர்ந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதத் தொடங்கியபோது, எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தேன். பாதி எழுதியபின்தான் நாகம்மா அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. எல்லோரும் அறிந்தபின் கடைசியாக அவர் அறிவார். அது இன்னொரு பிழை. ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். முற்றத்தில் சாக்கு விரித்துச் செத்தல் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கண் வைத்தது நான், மீசை வைத்தது நான், பொய் சொன்னதும் நான் என்று.

கிள்ளிய கை நிற்கவில்லை. ஏழெட்டு மிளகாய் கிள்ளிய பிறகு கேட்டார்:

“அப்ப நான் ஆரோடை கோவிச்சனான்?”

“என்னோடை கோவியுங்கோ, அம்மா.”

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. தூரத்தில் வருவது யார் என்று பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கியிருந்தார்.

“உன்னோடையோ? உன்னை எனக்குத் தெரியாதே, பிள்ளை. தெரிஞ்சவையோடையெல்லோ கோவிக்கலாம்.”

என்னைப் போகச் சொல்லவில்லை. சாக்கின் மற்றக் கரையில் இருந்து நானும் காம்பு கிள்ளினேன். குவியல் முடிந்தது. எழும்பும்போது, இதை மலரில் எழுதலாமோ என்று கேட்டேன். “எழுது. எழுதிப் போட்டு வந்து எனக்கு வாசி. சனத்துக்கு முன்னாலை வாசி” என்றார்.

தவமணி ரீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய படம் ஒன்றுமல்ல. படங்களை அவருடைய அண்ணன் வைத்திருக்கிறார், வேண்டியவர்கள் போய்ப் பார்க்கலாம். வாசலில் நின்று, தூரத்திலிருந்து பாருங்கள். என்னிடம் இருப்பது அவர் சொன்ன ஒரு வசனம்: ‘ஓம் அக்கா, பிழை விட்டிட்டன்.’ அவர் வாயால் வந்தாலும் அது அவருடையது அல்ல. ஒன்றரை வருடம் எனக்காக அவர் வைத்திருந்தார். முப்பத்தோராம் நாள், அந்த மண்டபத்தில், நாகம்மா அம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று அதை என் வாயால் சொல்லப்போகிறேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.